மெசினுக்கு ஃபேன், மனுசனுக்கு விசிறி

இரண்டு விரல்களை மடக்கி, அவற்றின் முதுகுப் பக்கத்தால் அந்த அலுமினியக் கட்டியைத் தொட்டுப் பார்க்கிறார் சிவசைலம். காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தடியில் தாய்மார்கள் கை வைத்துப் பார்ப்பார்களே, அதே பதம், அதே கவலை. கட்டிக்குக் கீழே இருப்பது கம்ப்யூட்டரின் சிப்பு. கட்டிக்கு மேலே தீப்பெட்டி அகலத்தில் ஒரு குட்டி ஃபேன் முனகிக்கொண்டு சுற்றுகிறது. விரலை எடுத்து அடுத்த மெசினைத் தொடுகிறார், பிறகு அதற்கடுத்தது. மூன்றையும் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே அறிவிக்கிறார்: "ரெண்டு சுகமா இருக்கு. ஒண்ணுக்கு லேசாக் காய்ச்சல் அடிக்கு."

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவர் கடை. முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர். முன்னறையில் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் தட்டுவார்கள். பின்னறையில் கம்ப்யூட்டர் கேமில் கார் ஓட்டவும் துப்பாக்கி சுடவும் ஆசைப்பட்டவர்கள் தட்டுவார்கள். என் கட்டுரைகளை டைப் அடித்து வாங்கப் போகும் நான் நடுவாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இரண்டு இரைச்சலையும் கேட்டபடி இருப்பேன். எனக்கு அங்கே வேலை அரை மணி நேரம்தான். உட்கார்ந்திருப்பது பாதி நாள்.

கடைக்குள் மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றுக்குக்கூட மூடி கிடையாது. எல்லாம் விலா எலும்பு தெரிய நிற்கும். "மூடிவச்சா மூச்சு முட்டும்வே" என்பார். மச்சு தாழ்வானது, சீலிங் ஃபேன் மாட்டினால் நெட்டையானவன் தலை தப்பாது. ஆகவே பின்னறைக்கு ஒரே ஒரு மேசை ஃபேன். அது பார்த்து நிற்பது மெசின்களை. வாடிக்கையாளர்களுக்கென்று திசையன்விளையிலிருந்து மச்சினர் கொண்டுவந்த பனையோலை விசிறிகள் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும்.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் மருந்துக் கடை அகமது மீரான். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, துப்பாக்கி சுட வருவார். விசிறியைக் கையில் எடுத்தால் சுட முடியாது, செத்துப்போவார். சுட்டால் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணாச்சி, துட்டு குடுக்கது நானா, இந்தப் பெட்டியா? ஃபேனை இங்கன கொஞ்சம் திருப்புங்களேன்."

"மனுசனுக்கு வேர்க்கும் பாய். வேர்த்தா தன்னால ஆறிரும். இந்தச் சவத்துக்கு வேர்க்கத் தெரியாதுல்லா. மெசினுக்கு ஃபேன், மனுசனுக்கு விசிறி. அதான் இங்க சட்டம்."

மீரான் முனகிக்கொண்டே மறுபடி சுடப் போவார். மறுநாளும் வருவார். ஏனென்றால் திருநெல்வேலி வட்டாரத்தில் வேறெங்கே போனாலும், சரியாக எதிரி மூலை திரும்பும் நேரத்தில் படம் விக்கும், திக்கும், உறைந்து நிற்கும். சிவசைலம் கடையில் மட்டும் எண்ணெய் ஒழுகுவதுபோல ஓடும். வெயிலில் வெந்துகொண்டு வந்து உட்காருவதற்கு வேறு காரணம் இல்லை.

பாபநாசம் மலையடிவாரத்தில் பிறந்த சிவசைலம், கம்ப்யூட்டருக்கு வரும் முன் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். வயலில் தண்ணீர் இறைத்தே கருகிப்போன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து, சூடு என்பது எங்கிருந்து வரும், எப்படிப் போகும் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பக்தி. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே பலகையில் மிளகு அளவு கறுப்புக் குல்லாய்கள் வரிசையாக மாட்டியிருப்பதைக் கண்டுகொண்டார். அவற்றுக்கு ஜம்பர் என்று பெயர். பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினால் சிப்பின் வேகம் மாறும். இன்னொரு வரிசையில் மாற்றினால் சிப்புக்குப் போகும் கரண்டு மாறும். அன்று பிடித்த பைத்தியம்.

"வேகத்தைக் கூட்டினா கரண்டு கூடக் கேக்கும். கூடக் குடுத்தா கொதிக்கும். கொதிச்சா படுத்துரும். சரின்னு கரண்டைக் குறைச்சா நடுவழியில தடுமாறும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு பாரும். அதை அவசரப்பட்டா புடிக்க முடியாது. பைய பைய போவணும்."

அந்த 'நடு எடத்தை'த் தேடித்தான் காலை நேரம் முழுக்கப் போகும். கிடுக்கியால் ஒரு குல்லாயைத் தள்ளி மாட்டுவார், ஓடவிடுவார், விரல் முதுகை வைப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி கழற்றுவார். ஊரில் மற்றவர்கள் வேகம் வேண்டும் என்று கரண்டை ஏற்றிச் சிப்பை வறுத்தெடுத்தபோது, இவர் ஒரு புள்ளி குறைத்துக் கொடுத்து அதே வேகத்தை வாங்குவார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அதைச் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஒரு கேமும் ஆடமாட்டார். திரையில் கார் திரும்பினால் அவருக்குத் தலை சுற்றும். பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டேன். ஆடுகிறவனுக்குப் பின்னால் நின்று அவன் தோளைப் பார்ப்பாராம். "இழுக்காம ஓடுச்சுன்னா தோள் தளந்து கெடக்கும். இழுத்துச்சுன்னா தோளு ரெண்டும் காதுகிட்டப் போயிரும். படத்தை எதுக்குப் பாக்க?"

மெசின் ஒவ்வொன்றின் வெளித்தகட்டிலும் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். வெளியே மட்டும்தான். அதற்கு ஒரு கதை உண்டு. முன்னொரு ஆயுத பூஜைக்கு அவர் மனைவி சங்கரி, டைப்ரைட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் பொட்டும் வைத்துவிட்டுப் பின்னறைக்கும் வந்திருக்கிறார். பெட்டிகள் திறந்து கிடந்தன. முக்கியமான ஆள் உள்ளே அல்லவா இருக்கிறார், வெளியே பொட்டு வைத்து என்ன பிரயோசனம் என்று நினைத்து, அந்தக் குட்டி ஃபேனின் நடுமண்டையில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, பொட்டும் வைத்துவிட்டார். அலுமினியக் கட்டியின் ஒவ்வொரு தகட்டுக்கும்கூட ஒரு தீற்றல். மறுநாள் சந்தனம் காய்ந்து இறுகியது, ஃபேன் குடிகாரன் மாதிரி ஆடி நின்றது, மத்தியானத்துக்குள் சிப்பு காலி. அன்றைக்குப் போட்ட தடை இது: பெட்டிக்குள் யாரும் கை விடக்கூடாது. "முக்கியமா சங்கரி" என்று அவர் சேர்த்துச் சொல்லும்போது, முன்னறையிலிருந்து, "கேக்குது, கேக்குது" என்று பதில் வரும்.

சங்கரி மதினிதான் இன்ஸ்டிட்யூட்டின் டீச்சர். அவரிடம் தட்டப் பழகியவர்கள் இந்த ஜில்லாவின் ஆபீஸ்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வாசலில் போகிறவரிடம் குழம்பு விசாரித்துக்கொண்டே, கட்டைகளைப் பார்க்காமல் அடிப்பார். விரல் பத்தும் தனித்தனி ஆள் மாதிரி வேலை செய்யும்.

போன வருஷம் மார்கழியில் அவருக்கு வலது பக்கம் வாதம் தட்டிவிட்டது. பேச்சுக்குப் பாதிப்பில்லை, காலும் தேறிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் சொன்னதை மெதுவாகக் கேட்டன. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். முதல் நாளே அதைச் சுவரில் எறிந்துவிட்டார் மதினி. மறுநாள் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டையைக்கூட அமுக்க முடியாமல் அழுதார். கிளாஸ் எடுக்க ஹெப்சிபா என்ற பெண்ணை வைத்தார்கள். நல்ல பெண். ஆனால் வேறொருவர் தன் நாற்காலியில் இருப்பதை மதினி பார்க்கும் பார்வையை என்னால் பார்க்க முடியாது.

கம்ப்யூட்டர் கட்டைகள் மெத்தென்று இருக்கும் என்று சொல்லி, மூன்றாவது மெசினில் பழைய கார் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார் சிவசைலம். ஒரே ரோடு, எதிரே லாரிகள், அம்புக்குறிக் கட்டைகளை வலது கை விரல்களால் அமுக்கி விலக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முதலில் முணுமுணுப்பாக உட்கார்ந்த மதினி, சில வாரத்தில் சோற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்த கையோடு ஓடிவர ஆரம்பித்தார். முதல் வளைவைத் தாண்டினார், பாலத்தைத் தாண்டினார், சுரங்கத்தைக்கூடத் தாண்டிவிட்டார். ஒருநாள் ஹெப்சிபாவிடம் சொல்வதை நானே கேட்டேன். "ஜூன் மாசம் நானே கிளாஸ் எடுக்கேன். நீ கல்யாண வேலையப் பாரு. என் கை சரியாயிட்டு." ஹெப்சிபாவுக்கு நாசரேத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஜூனில் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாக இருந்தது. அவளும் நிம்மதியாகத் தலையாட்டினாள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மற்ற இரண்டு மெசினிலும் அதே கேமில் லாரி பாய்ந்து வரும். மூன்றாவதில் தேர் மாதிரி அசைந்து வரும். சிவசைலத்திடம் கேட்டதற்கு, "கத்திரி வெயில்லா. அந்தச் சிப்பு சூடு தாங்கலை. குறைச்சு வச்சாத்தான் நிக்கும்" என்றார். நம்பிவிட்டேன். சூட்டைப் பற்றி அவர் சொல்லி நான் எதைத்தான் நம்பவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், மதினி ஆடி முடித்துப் போனதும், அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டிக்குள் கிடுக்கியை விடுவதைக் கண்டேன். மாட்டிக்கொண்டவர் தணிந்த குரலில் சொன்னார்.

"இந்தக் கேம் கடிகாரத்தைப் பாத்து ஓடாதுவே. சிப்பு எந்த வேகமோ அந்த வேகம். சிப்பைக் குறைச்சா லாரியும் மெதுவா வரும். மொதல்ல அம்பதுல வச்சேன். அவ சரளமா ஓட்டுனதும் ஒரு குல்லாயைத் தள்ளினேன். இப்ப எழுபத்தஞ்சு. மத்ததுல்லாம் நூறுல ஓடுது."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உக்காருவாளா?"

"ஜூன்ல கிளாஸ் எடுக்கேன்னு சொல்லிட்டாங்களே அண்ணாச்சி."

"அதுக்குள்ள நூறுக்குக் கொண்டாந்துருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஜூனில் ஒரு அறை நிறையப் புதுப் பிள்ளைகள் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கை சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு, மதினி கட்டையில் விரலை வைத்துத் தடுமாறினால் அதன் பிறகு வாழ்நாளில் முன்னறைக்கு வருவாரா? அன்பாகச் செய்தாலும் அளவுகோலைத் திருத்துவது திருத்துவதுதானே. இதைச் சொல்லவும் செய்தேன். அவர் மூன்றாவது மெசினை நூறுக்குத் தயார் செய்யும் வேலையில் இறங்கினார். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. வெயில் நேரத்தில் நூறில் வைத்தால் அந்தச் சிப்பு மெய்யாகவே படுத்துவிடும். கட்டியைக் கழற்றி அடியை வழவழப்பாகத் தேய்த்தார், மதுரையிலிருந்து வெள்ளைப் பசை வரவழைத்துப் பூசினார், கரண்டில் ஒரு புள்ளி குறைத்தார். கடைசியில் நூறில் நின்றது, மேசை ஃபேன் நேருக்கு நேர் அதன்மேல் அடித்தால் மட்டும். சோதித்துப் பார்த்துவிட்டு, மதினி ஆடும் நேரத்துக்கு மறுபடி எழுபத்தைந்துக்கே இறக்கி வைத்தார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் மீரான் பாய் தெரியாத்தனமாக மூன்றாவது மெசினில் உட்கார்ந்துவிட்டார். மதினி வந்தார், அவரை எழுப்ப மனமில்லாமல் முதல் மெசினில் உட்கார்ந்தார். முதல் லாரியிலேயே மோதினார். சிரித்துக்கொண்டு மறுபடி போட்டார், மறுபடி மோதினார். அதற்கடுத்த முறை சிரிப்பு இல்லை. தோள் இரண்டும் காதருகே போய்விட்டன. பின்னால் நின்றிருந்த சிவசைலம் அதைப் பார்த்துவிட்டார், நானும் பார்த்தேன்.

"என்னங்க, இதுல லாரி ஏன் இந்தப் பாய்ச்சல் பாயுது?"

"அது ஒண்ணுமில்ல சங்கரி. அந்த மூணாவது சிப்பு சூடு தாங்காது. அதான் வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு..."

மதினி எழுந்து மூன்றாவது மெசினிடம் போனார். இடது கையின் இரண்டு விரல்களை மடக்கி, பெட்டிக்குள் விட்டு, முதுகுப் பக்கத்தால் அந்த அலுமினியக் கட்டியைத் தொட்டார். கணவர் எப்படித் தொடுவாரோ அதே மாதிரி. கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

மீரான் பாய் நல்ல மனிதர். மருந்துக் கடையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். ஆனால் நான் நின்றிருந்தது பின்னறையின் உள்மூலையில், மதினியைத் தாண்டித்தான் வழி.

"ஹெப்சிபாட்ட நான் என்ன சொல்லிவச்சிருக்கேன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இருந்தீங்க."

சிவசைலம் தலைகுனிந்து நின்றார். "மொத நாளு பந்தை எறிஞ்சே. மறுநாளு அழுதே. நான் என்ன செய்ய? எனக்குக் கூட்டக் குறைக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

முன்னறையில் டைப்ரைட்டர்கள் தட்டிக்கொண்டே இருந்தன. மதினி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"எது அது? காட்டுங்க."

சிவசைலம் மெசினை நிறுத்திவிட்டுக் கிடுக்கியை எடுத்தார். "காட்டுங்கன்னுதான் சொன்னேன்" என்றார் மதினி. அவர் கிடுக்கியை வைத்துவிட்டு விரலால் காட்டினார். எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்கு என்பதையும் சொன்னார். மதினி வலது கையைப் பெட்டிக்குள் விட்டார்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே நேரம் எடுத்தன. மிளகு அளவுக் குல்லாய் அது, நல்ல கைக்கே நழுவும். பிடித்தார், இழுத்தார், வந்தது. வந்த வேகத்தில் விரலிலிருந்து நழுவி, தரையில் விழுந்து ஓடியது. சிவசைலம் தன்னிச்சையாகக் குனிந்தார். மதினி அவரை ஒரு பார்வை பார்த்தார். பாதியில் நிமிர்ந்த மனிதர், கை இரண்டையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். மதினி தரையில் உட்கார்ந்து, அதே இரண்டு விரல்களால் அதைத் தேடி, தவறவிட்டு, மறுபடி பிடித்து எழுந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கம்பி முனையில் குல்லாய் வழுக்கியது, சாய்ந்தது, பிறகு கிளுக்கென்று உட்கார்ந்தது.

"போடுங்க."

சிவசைலம் ஸ்விட்சைப் போட்டார். மதினி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வலது கையைக் கட்டைமேல் வைத்தார். திரையில் ரோடு விரிந்தது. லாரி பாய்ந்து வந்தது. மோதினார். மறுபடி போட்டார். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

சிவசைலம் மேசை ஃபேனின் கழுத்தைப் பிடித்து, மெசினிலிருந்து மதினி பக்கமாகத் திருப்பினார்.

"அதுக்கு?" என்றார் மதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான அது சூடாவும்."

"நீ ஓட்டு."

ஆணியில் தொங்கிய பனையோலை விசிறி ஒன்றை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சிப்புக்கு விசிற ஆரம்பித்தார் சிவசைலம்.